ஜோஷ் கிப்சனின் கணக்கு

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் தன் சாதனைப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டது. ஆயுட்கால மட்டைச் சராசரியில் தலைமுறை தலைமுறையாக முதலிடத்தில் இருந்தவர் டை காப். 1928-இல் ஓய்வு பெற்றவர். அவருடைய சராசரி .367. அதாவது, கணக்கில் சேரும் 1000 வாய்ப்புகளில் 367 முறை பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் போய்ச் சேர்ந்திருக்கிறார். புதிய பட்டியலில் அவர் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். .372 என்ற சராசரியோடு முதலிடத்துக்கு வந்தவர் ஜோஷ் கிப்சன். அப்போது அவர் இறந்து 77 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேஜர் லீக் என்று அவர் காலத்தில் அழைக்கப்பட்ட எந்த அணிக்கும் அவர் ஒரு நாள்கூட ஆடியதில்லை. கறுப்பினத்தவர் என்பதால் ஆட விடவில்லை.

சென்னை லீக் கிரிக்கெட்டில் ஸ்கோரர் மேசையில் உட்கார்ந்தே என் வயதில் பெரும்பகுதி போயிருக்கிறது. இரண்டு அணிகளின் ஸ்கோரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். ஓவர் முடிந்ததும் கணக்கை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்போம். மட்டையாளர் பக்கம் கூட்டினாலும் பந்துவீச்சாளர் பக்கம் கூட்டினாலும் தொகை ஒன்றாக வர வேண்டும்; வராவிட்டால் எங்கே விட்டது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. மேசை போட்டு, ஆள் வைத்து, நாலு காசு கொடுத்து எழுத வைத்தால்தான் ஓர் ஆட்டத்துக்குக் கணக்கு என்று ஒன்று மிஞ்சும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். அதனால் கிப்சனைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர் எவ்வளவு தூரம் அடித்தார் என்பதைவிட, அடித்ததை யார் எழுதினார்கள் என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஜார்ஜியா மாநிலத்தில் புவெனா விஸ்டா என்ற சிற்றூரில் 1911 டிசம்பர் 21 அன்று பிறந்தவர் கிப்சன். தெற்கில் கறுப்பின மக்கள் பட்ட பாட்டுக்கு வடக்கின் ஆலைகள் அன்று ஒரு வழி காட்டின. அப்பா முதலில் பிட்ஸ்பர்க் போய் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். பையன் தொழிற்பள்ளியில் மின்வேலை படித்தான். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனான். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உள்ளூர் அணிகளில் ஆடினான். கேட்சர் இடம். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போன்ற வேலைதான், ஆனால் இன்னும் கடினம். முகத்தில் கம்பி முகமூடி, நெஞ்சில் திண்டு, முழங்காலுக்குக் கீழே கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஆட்டம் முழுவதும் குந்தி எழுந்து குந்தி எழுந்து, அடுத்த பந்து என்ன வகை என்று பந்து வீசும் பிட்சருக்கு விரலால் சைகை காட்ட வேண்டும். பேஸ்பாலில் கேட்சர்கள் பொதுவாகப் பெரிய மட்டையாளர்களாக இருப்பதில்லை. உடம்பு தாங்காது. கிப்சனின் சராசரியைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அவர் பெரிய ஆட்டத்துக்கு வந்த விதம் பற்றி ஒரு கதை உண்டு. 1930 ஜூலையில் பிட்ஸ்பர்க்கின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியும் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியும் இரவு ஆட்டம் ஆடுகின்றன. மொனார்க்ஸ் அணி ஊர் ஊராகத் தூக்கிப்போகும் விளக்குகளின் மங்கிய வெளிச்சம். கிரேஸ் அணியின் கேட்சருக்கு விரல் பிளந்துவிடுகிறது. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த 18 வயதுப் பையனைக் கூப்பிட்டு, சட்டை மாட்டி இறக்கிவிடுகிறார்கள். இந்தக் கதையைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோடையில் அவர் கிரேஸ் அணியில் சேர்ந்தார் என்பது மட்டும் உறுதி. அதற்கு அடுத்த மாதமே அவருடைய இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். குழந்தைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு கிப்சன் பேருந்தில் ஏறினார். இதைப் பற்றி அவர் பேசியதாக எங்கும் நான் படித்ததில்லை.

அவர் மட்டை வீசும் முறையைப் பற்றி எதிராளிகள் சொன்னவை எல்லாம் ஒத்துப்போகின்றன. ஆறடி ஓர் அங்குல உயரம், அகன்ற தோள், தடித்த கை. தொப்பியின் முன்விளிம்பை மேலே மடக்கிவிட்டிருப்பார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருப்பார். பாதங்கள் இரண்டும் தரையில் சமமாய்ப் பதிந்திருக்கும். பலசாலி மட்டையாளர்கள் முன்காலைத் தூக்கி நீட்டி எட்டு வைத்து, உடம்பையே பந்தின் மேல் எறிவார்கள். கிப்சன் அப்படி ஆடமாட்டார். சில அங்குலம்தான் கால் நகரும். பந்து மிக அருகே வரும் வரை காத்திருந்து, தோளும் மணிக்கட்டும் சேர்ந்த குட்டையான வீச்சில் முடித்துவிடுவார். வீச்சு குட்டை என்பதால் பந்து எப்படி வளைகிறது என்று பார்க்க அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு கணம் கிடைத்தது. பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுப்பவர்கள் பந்தைத் தவறவிட்டு வெளியேறுவதும் சகஜம். அவ்வளவு தூரம் அடித்தவர் அவ்வளவு உயர்ந்த சராசரியும் வைத்திருந்ததற்கு இந்த வீச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1932-இல் கஸ் கிரீன்லீ அவரைத் தன் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிக்கு இழுத்துக்கொண்டார். கிரீன்லீ நடத்தியது நம்பர் சூதாட்டம். நம்மூரில் மூன்று நம்பர் லாட்டரி என்றால் எல்லோருக்கும் புரியும். பிட்ஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்டில், வைலி அவென்யூவில் கிராஃபோர்ட் கிரில் என்ற உணவு விடுதியும் அவருடையது. வங்கிகள் கறுப்பின முதலாளிகளுக்குக் கதவைத் திறக்காத காலத்தில் அந்தப் பணம்தான் அணிக்குச் சம்பளமும் பேருந்தும் கொடுத்தது. ஊரின் மேஜர் லீக் அணியான பைரேட்ஸின் ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் அரங்கத்தை வாடகைக்கு எடுத்தாலும் உடை மாற்றும் அறையைக் கறுப்பின ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடமாட்டார்கள். காசு வாங்கிக்கொள்வார்கள், குளிக்க விடமாட்டார்கள். கிரீன்லீ சுமார் ஒரு லட்சம் டாலர் போட்டு பெட்ஃபோர்ட் அவென்யூவில் சொந்தமாக அரங்கம் கட்டினார். அங்கே கிப்சன், சாட்செல் பேஜ், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், கூல் பாப்பா பெல், ஜூடி ஜான்சன் ஆகிய ஐந்து பேரும் ஒரே அணியில் ஆடினார்கள். ஐவரும் பிற்காலத்தில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர்கள். அரங்கத்தை 1938-இல் இடித்துவிட்டு அரசு வீட்டு வசதிக் குடியிருப்பு கட்டினார்கள்.

இனி ஸ்கோர் விஷயம். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக் அணிகள் வருடத்துக்கு லீக் ஆட்டமாக ஆடியவை 60, 80-க்குள் அடங்கும். அந்த வருமானம் சம்பளத்துக்குப் போதாது. மிச்ச நாளெல்லாம் ஊர் ஊராகப் போய், ஆலை அணி, ஊர் அணி, வெள்ளையரின் உள்ளூர் அணி என்று யார் கூப்பிட்டாலும் ஆடினார்கள். பகலில் ஓர் ஊரில் இரண்டு ஆட்டம், இரவு அடுத்த ஊரில் ஒன்று என்று ஆடிய நாட்களும் உண்டு. மேஜர் லீக் ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வ ஸ்கோரர் இருந்தார். தினசரிகள் மறுநாளே முழுக் கணக்கையும் அச்சிட்டன. இங்கே அன்று ஆட்டமில்லாத பிட்சரோ மேலாளரோ பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதுதான் பல நேரம் ஒரே கணக்கு. அதைத் தந்தியிலோ தபாலிலோ பத்திரிகைக்கு அனுப்புவது அணியின் செலவு. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அந்தச் செலவே பாரம். தோற்ற அணி அனுப்பாமல் விட்டதும் உண்டு.

வந்து சேர்ந்தாலும், பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் அன்று வார இதழ்கள். ஏழு நாள் ஆட்டங்களும் ஒரு பக்கத்தில் இடத்துக்கு முட்டிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பக்கங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே மட்டை வாய்ப்பு எத்தனை, ரன் எத்தனை, ஹிட் எத்தனை என்று பொடி எழுத்தில் இலக்கங்கள். அடியில் ஒற்றை வரியில் 'ஹோம் ரன்: கிப்சன்'. பிட்சர் பயந்து அவருக்கு அடிக்க முடியாத பந்தாகப் போட்டு நடக்கவிட்ட வாய்ப்புகள் பல இடங்களில் பதிவே ஆகவில்லை. பெயர்களின் எழுத்து மாறியிருக்கும். சில வாரங்களில் இரண்டாவது ஆட்டத்தின் முடிவு மட்டும் இருக்கும், விவரம் இராது. இடம் இல்லாமல் அச்சுக் கோப்பவர் வெட்டிய இரண்டு வரியில் யாருடைய ஹோம் ரன் போனதோ தெரியாது. அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எந்த ஸ்கோரருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கணக்கு இல்லாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. யாங்கி ஸ்டேடியத்தின் மூன்றாம் அடுக்குக்கும் மேலே, அரங்கத்துக்கு வெளியே பந்தை அடித்த ஒரே மனிதர் கிப்சன் என்பார்கள். அன்றைய பத்திரிகைச் செய்தி எதுவும் அதை உறுதி செய்யவில்லை. அங்கே தான் அடித்த பெரிய அடி இடது மைதானத்தின் கோடியில், பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் இடத்தில் விழுந்தது என்றுதான் கிப்சனே சொன்னார். ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர்ப் பலகை ஏறத்தாழ 800 ஹோம் ரன் என்கிறது. எல்லா வகை ஆட்டங்களையும் சேர்த்துச் சொன்ன எண் அது. லீக் ஆட்டங்களில் இதுவரை சான்றோடு கிடைத்தவை 200-ஐ எட்டவில்லை. இதைக் கேட்டுச் சிலர் ஏமாந்துபோகிறார்கள். ஏமாற எதுவும் இல்லை. அந்த லீக்கின் முழுப் பருவமே மற்றவர்களின் பருவத்தில் பாதிதான். வாய்ப்புக்கு எத்தனை ஹோம் ரன் என்று வகுத்துப் பார்த்தால் மிகச் சிலரே அவர் பக்கத்தில் நிற்க முடியும். அடியின் நீளத்தையும் சேர்த்து அளக்கும் ஸ்லக்கிங் சராசரியில் மேஜர் லீக்கின் பெரிய மட்டையாளர் பேப் ரூத் .690, கிப்சன் .718. இதற்கு மேல் அவரைப் பெரியவராக்க எந்தக் கதையும் தேவையில்லை. 'கறுப்பு பேப் ரூத்' என்று அவரை அழைத்த வழக்கமும் எனக்குச் சம்மதமில்லை. அவர் பெயர் ஜோஷ் கிப்சன்.

அவருடைய திறமை மறைவாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வால்டர் ஜான்சன் என்ற மாபெரும் பிட்சர், இரண்டு லட்சம் டாலர் கொடுத்து வாங்கத் தகுந்த கேட்சர் என்று அவரை மதிப்பிட்டுப் பகிரங்கமாகச் சொன்னார். 1937 கடைசியில் பிட்ஸ்பர்க் கூரியரின் விளையாட்டு ஆசிரியர் பைரேட்ஸ் அணியின் மேலாளருக்குத் தந்தி அடித்தார். கிப்சன், பேஜ், பெல், பக் லெனார்ட், ரே பிரவுன் எல்லோரும் கிடைப்பார்கள், கோப்பை உங்களுக்கே என்பது செய்தி. பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு பைரேட்ஸ் அணி கடைசி வாரத்தில் சிகாகோ கப்ஸிடம் முதலிடத்தைப் பறிகொடுத்தது. வித்தியாசம் இரண்டே ஆட்டம். கிப்சன் அதே ஊரில்தான் இருந்தார்.

வாஷிங்டனிலும் இதே கதை. கிப்சன் மறுபடி சேர்ந்திருந்த கிரேஸ் அணி, 1940 முதல் வாஷிங்டன் மேஜர் லீக் அணியின் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்தின் அரங்கத்தைத் தன் இரண்டாவது தாயகமாக்கிக்கொண்டது. அங்கே இடது பக்க எல்லையே 400 அடிக்கு மேல். அதையும் தாண்டி கிப்சன் அடித்தார். அணித் தோழர் பக் லெனார்டையும் கிப்சனையும் கிரிஃபித் ஒரு நாள் அறைக்கு அழைத்து, மேஜர் லீக்கில் ஆட விருப்பமா என்று கேட்டதாகவும், அதோடு பேச்சு நின்றுவிட்டதாகவும் லெனார்ட் பிற்காலத்தில் சொன்னார். அப்போது லீக்கின் கமிஷனர் கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்ற முன்னாள் நீதிபதி. 1920-இல் நியமிக்கப்பட்டு 1944-இல் சாகும் வரை பதவியில் இருந்தவர். கறுப்பின ஆட்டக்காரரைத் தடுக்கும் விதி எதுவும் ஏட்டில் இல்லை என்று 1942-இல் அறிக்கை விட்டார். அது உண்மைதான், எழுதவில்லை. எழுதாமலே 24 ஆண்டு அவர் காலத்தில் அது நடந்தது. ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட உள்ளே வரவில்லை. கிப்சனின் ஆட்டத்துக்கும் எழுத்து இல்லை, அவரைத் தடுத்ததற்கும் எழுத்து இல்லை. இரண்டும் ஒரே கையின் வேலை.

கதவு திறந்த நாடுகளுக்கு அவர் போனார். 1937-இல் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோ தன் பெயர் சூட்டிய தலைநகரின் அணிக்காகப் பணத்தை அள்ளி இறைத்து பேஜையும் பெல்லையும் கிப்சனையும் வரவழைத்தார்; கோப்பையும் வென்றார். 1940, 1941 ஆண்டுகளில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் அணி. அங்கே நல்ல ஓட்டலில் தங்கலாம், முன்வாசல் வழியாகப் போய்ச் சாப்பிடலாம். 1941-இல் மட்டும் 33 ஹோம் ரன்.

1942-இல் கிரேஸ் அணிக்குத் திரும்பினார். 1943 புத்தாண்டு அன்று நினைவிழந்து விழுந்தார். மூளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு அவர் ஒப்பவில்லை. தலைவலியோடும் குடியோடும், கேட்சர் வேலையால் தேய்ந்துபோன முழங்கால்களோடும் ஆடினார். நடுநடுவே மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த 1943-இல்தான் அவர் சராசரி .466. ஒரே பருவத்தில் இன்று அதிகாரபூர்வப் பட்டியலின் முதலிடம் அது. அந்த வருடத்து எண்களை வரிசையாகப் பார்க்கும்போது பெருமை ஒரு பக்கம், அந்த மனிதனை ஒரு பருவம் ஓய்வில் உட்காரவைக்க யாருமில்லையே என்ற ஆற்றாமை ஒரு பக்கம். உட்கார்ந்தால் சம்பளம் இல்லை.

1945 அக்டோபரில் மேஜர் லீக்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிர்வாகம் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தது. இளைஞர், கல்லூரி போனவர், உடல் கெடாதவர். கிப்சனுக்கு அப்போது 33 வயது, யாரும் கூப்பிடவில்லை. 1947 ஜனவரி 20 அன்று பிட்ஸ்பர்க்கில் பக்கவாதம் வந்து இறந்தார். வயது 35. மூன்று மாதம்கூட முடியவில்லை. ஏப்ரல் 15 அன்று ராபின்சன் மேஜர் லீக் மைதானத்தில் இறங்கினார். மனம் உடைந்து செத்தார் என்று எழுதியவர்கள் உண்டு. நோய் அவரைக் கொன்றது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே தெரிந்த நோய்.

அலிகெனி கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் 1975 வரை பெயர் பொறித்த கல் இல்லை. 1966-இல் மேஜர் லீக்கின் பெரிய மட்டையாளர் டெட் வில்லியம்ஸ், தன் ஹால் ஆஃப் ஃபேம் ஏற்புரையில், பேஜும் கிப்சனும் இங்கே இருக்க வேண்டியவர்கள் என்று பெயர் சொல்லிப் பேசினார். தன் பெருமைக்கென்று கிடைத்த மேடையில் அடுத்தவர் நியாயத்தைப் பேசிய அந்தச் செயலுக்கு நான் தலைவணங்குகிறேன். 1972-இல் கிப்சனுக்கு அங்கே இடம் கிடைத்தது. அதற்குப் பின்னால்தான் உண்மையான கணக்கு வேலை தொடங்கியது. லாரி லெஸ்டர், கேரி ஆஷ்வில் போன்ற ஆராய்ச்சியாளர்கள் நூலகங்களில் மைக்ரோஃபிலிம் சுருள்களைச் சுழற்றி, ஒவ்வொரு வார இதழிலிருந்தும் ஒவ்வொரு ஆட்டக் கணக்காக எடுத்து, இரண்டு பத்திரிகைகளை ஒப்பிட்டுக் கூட்டினார்கள். எவருடைய சம்பளத்துக்காகவும் தொடங்கிய வேலை இல்லை இது. 1920 முதல் 1948 வரையான கறுப்பின லீக்குகளும் மேஜர் லீக்கே என்று 2020 டிசம்பரில் லீக் ஒப்புக்கொண்டது. கணக்கைச் சேர்க்க இன்னும் மூன்றரை ஆண்டு எடுத்தது. அப்போதும் கிடைத்திருந்தது ஏறத்தாழ முக்கால் பங்கு கணக்குதான்.

ஆட்டங்கள் குறைவு, இந்த எண்களை மற்றதோடு சேர்க்கக் கூடாது என்று ஆட்சேபித்தவர்கள் இருக்கிறார்கள். கொரோனா ஆண்டான 2020-இல் மேஜர் லீக் ஆடியது அணிக்கு 60 ஆட்டம். அந்த ஆண்டின் சராசரிப் பட்டமும் கோப்பையும் முழுக் கணக்காகவே ஏட்டில் ஏறின. அதற்கு எழாத ஆட்சேபம் இதற்கு எழக் கூடாது. தரம் என்று வாதிடுபவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. கிப்சன் மேஜர் லீக் பிட்சர்களை லீக் ஆட்டத்தில் சந்திக்கவில்லை என்றால், ரூத்தும் காப்பும் சாட்செல் பேஜ் போன்ற பிட்சரை லீக் ஆட்டத்தில் சந்திக்கவில்லை. அரைக்கணக்கு என்றால் இரண்டு பக்கமும் அரைக்கணக்குதான்.

ஒரு பாக்கி இருக்கிறது. ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் தரும் விருதுப் பலகையில் 1944 முதல் லாண்டிஸின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கிப்சனின் பெயரை வைக்கும்படி அவருடைய குடும்பத்தார் கேட்டுவருகிறார்கள். எவருடைய ஆட்சியில் கிப்சனுக்குக் கதவு மூடியிருந்ததோ அவருடைய பெயர் இருந்த பலகை அது. அங்கே அவர் பெயரைத்தான் பொறிக்க வேண்டும். வேறு பெயர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.